இரண்டு வரிசையில் ஒரு குடும்பம்

கத்தரி என்று சொன்னால்தான் அந்தக் கட்டடத்தில் ஆள் தெரியும். ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் வேலை பார்த்தவள். கணவர் பஸ் டிரைவர். அவருடைய நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் கதவை இழுத்து மூடியபோது, பத்திரிகையோடு வரும் விளம்பரத் தாள்களிலிருந்து கூப்பன் வெட்டத் தொடங்கினாள். அந்தக் கூப்பன்களை வைத்துத்தான் வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டாள். கஷ்டம் தீர்ந்து, மகள் கல்யாணமாகிப் போன பிறகும் கை நிற்கவில்லை. பிஸ்கட் டப்பாவுக்குள் கூப்பன்கள் காலாவதித் தேதிப்படி அடுக்கியிருக்கும்.

டிரைவருக்கு வாய் நன்றாக இருந்த காலத்தில் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வாராம்: "இவ என்னைக் கட்டிக்கிட்டதே என்கூட எங்கம்மா இலவசமா வந்தாங்கன்னுதான்."

"நான் ஏமாந்த ஒரே கூப்பன் அதுதான்" என்பாளாம் கத்தரி.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஓரிரண்டு சொல்லாகச் சுருங்கியது. அப்போதுதான் என்னை வரச் சொன்னார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே பயிற்சி எடுத்தவள் நான். காலையில் போய் உடம்பு துடைத்து, டயப்பர் மாற்றி, கை கால்களை மடக்கி நீட்டிவிட்டு வருவேன்.

ஒரு நாள் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தபோது, முதுகின் அடியில், வால் எலும்பின் மேல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினேன். நல்ல தோல் என்றால் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. படுக்கைப்புண்ணின் ஆரம்பம் அது.

கத்தரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அடிக்கடி புரட்டிப் போடு. ரொம்ப நேரம் உட்கார வைக்காதே. இது உடைஞ்சு சீழ் வச்சா ஆஸ்பத்திரிதான். இந்த உடம்பு அங்கே போனா திரும்பி வர்றது கஷ்டம்."

"உட்கார வைக்கவே இல்லக்கா, சத்தியமா."

அவள் கெட்டிக்காரி. தலையணையை எங்கே முட்டுக்கொடுப்பது என்று ஒரு முறை காட்டினால் போதும், அளவு பிசகாது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. இருந்தும் தோல் உடைந்தது. களிம்பு போட்டால் இரண்டொரு நாள் ஆறும். வாரத்தின் நடுவில் மறுபடி பச்சைப் புண்ணாகிவிடும். எனக்குப் பிடிபடவில்லை. மெத்தையைத் தட்டிப் பார்த்தேன், சோப்பை மாற்றச் சொன்னேன்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் துணி சோப்பு வாங்க அந்தப் பெரிய கடைக்குப் போனேன். புதன்கிழமைதான் அங்கே கூப்பன் செல்லும் நாள். பில் போடும் வரிசைகள் கதவு வரை நீண்டிருந்தன. ஒரு வரிசையில் சக்கர நாற்காலி. அதில் டிரைவர். தலை படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை. மடியில் டயப்பர் பொட்டலம், நன்றாக இருக்கும் இடது கையில் ஒரு கூப்பன். பின்னால் நின்றவர் யாரோ. வரிசை நகரும்போதெல்லாம் அவர்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டார். உடம்பு ஒரு பக்கம் சரிந்து, பாரம் முழுவதும் அந்தப் புண்ணின் மேல்.

பக்கத்து வரிசையில் கத்தரி. அவள் கையிலும் அதே பொட்டலம், அதே கூப்பன். பார்வை மட்டும் கூரையில்.

எனக்கு எல்லாம் விளங்கியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கூப்பன் என்பது கடையின் சட்டம். அதனால் இவர்கள் இருவரும் அன்று ஒரு குடும்பம் இல்லை.

நேரே அவளிடம் போனேன். "என்னடி இது?"

"அக்கா, மெதுவா. அவரைத் தெரியாத மாதிரி இருங்க."

"தெரியாத மாதிரியா? காலையில அந்தப் புண்ணைத் துடைச்சவ நான்!"

வரிசையில் பாதிப் பேர் திரும்பினார்கள். பில் போடும் பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவளுக்கு எப்போதோ தெரியும் போலிருக்கிறது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் முறை வந்ததும் கூப்பனை நீட்டி, "என்... னோடது" என்றார். கோணிய வாயில் அவ்வளவு தெளிவாக ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்கவைத்து, புண்ணுக்குப் போட்டிருந்த கட்டைப் பிரித்தேன். புண் குழி விழுந்திருந்தது. அவளையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வைத்தேன்.

"மிச்சம் பிடிச்சது போதுமா?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "மொதல்ல மிச்சத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனேன், பொய் சொல்லல. அப்புறம் அவர்தான் விடலக்கா. செவ்வாய்க்கிழமையே சட்டையைக் காட்டுவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த நாள் வாயைத் திறந்து சாப்பிடறார். உங்ககிட்ட சொன்னா நிறுத்திடுவீங்க."

"நிறுத்தத்தான் போறேன். புண் மூடற வரைக்கும் நாற்காலி கிடையாது."

எந்தப் புண்ணும் மனசைப் பார்த்து ஆறுவதில்லை. சக்கர நாற்காலியை மடக்கி எதிர் வீட்டில் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த புதன்கிழமை சட்டை வரவில்லை என்றதும் டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சி கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. சாப்பிடாத உடம்பில் புண் ஆறாது. இது கத்தரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி அவள் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். நானும் கொண்டுவரவில்லை.

கடைசியில் ஒரு காலை நான் போனபோது, அவரைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, விளம்பரத் தாளைப் படுக்கையிலேயே விரித்திருந்தாள். தாள் நழுவாமல் அவர் இடது கையால் அழுத்திப் பிடிக்க, அவள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லா பிடிங்க. கோணலா வெட்டினா கடையில வாங்க மாட்டாங்க. அந்த பில் போடற பொண்ணு வேற கேக்குது, பக்கத்து வரிசை ஐயா ஏன் வரலைன்னு."

"என்ன... சொன்னே?"

"தெரியாதுன்னேன். நமக்குத்தான் பழக்கமே இல்லையே."

அவர் தொண்டையில் ஏதோ குலுங்கியது, சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சாக்கில் அவள் ஒரு கரண்டி கஞ்சியை வாய்க்குள் விட்டாள். அடுத்ததையும் விழுங்கினார். மூன்றாவதற்கு வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"புதன்?"

"இல்லண்ணே" என்றேன்.

கையுறையைப் போட்டுக்கொண்டு கட்டைப் பிரித்தேன். புண்ணின் ஓரம் இன்னும் கூடி வரவில்லை.