போன் வராத பள்ளத்தாக்கு

பேரிடர் அலுவலகத்தில் அவருக்கு "மைதானம் மேடம்" என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள். அவருக்கோ பாம்புச் செவி.

நில அளவைப் பிரிவில் பதினெட்டு வருடம் வரைபடம் வரைந்தவரை, செயற்கைக்கோள் ரேடார் படம் பார்க்க இங்கே மாற்றினார்கள். மற்ற எல்லாரும் வர மறுத்ததுதான் அவருடைய தகுதி. மூன்று மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டார், பிறகு பிடிபட்டது. ரேடார் அலைக்கு மேகம் ஒரு தடையே இல்லை. மரம் அடர்ந்த சரிவில் பட்டால் ஒருவிதமாகத் திரும்பும், மண் உரிந்த சரிவில் பட்டால் வேறுவிதமாக. மழைக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்ததையும் ஒப்பிட்டால், மலை எங்கே சரிந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்த "ஓரளவு"தான் வம்பு. போன வருடம் அவர் குறித்துக் கொடுத்த இடத்துக்கு மீட்புப் படை ஸ்ட்ரெச்சரோடு ஓடியது. அங்கே பள்ளிக்கூடம் மரங்களை வெட்டிப் புதிதாகச் சமன் செய்த மைதானத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அதன்பின் எதைக் கண்டாலும் அறிக்கையில் "ஐயத்துக்குரியது" என்றே எழுதினார்.

வீட்டிலும் மரியாதைக்குக் குறைவில்லை. தையல்காரரான கணவர் கேட்பார்: "மேகத்துக்கு மேல இருந்து எல்லாம் தெரியும்ங்கிற. மாடியில துணி நனையறது மட்டும் தெரியலையா?"

அந்த முறை ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் காலை பத்து மணிக்குப் புதிய படம் வந்தது. மேல் பள்ளத்தாக்கில், உச்சியிலிருந்து ஓடை வரை, யாரோ சுரண்டி எடுத்ததுபோல ஒரு நீளத் தடம். இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு இயக்குநரிடம் ஓடினார்.

"அங்கிருந்து ஒருத்தர்கூட போன் பண்ணலையேம்மா," என்றார் இயக்குநர்.

"அதான் சார் பயமா இருக்கு. தெருவிளக்கு எரியலைன்னாகூடக் கூப்பிடுற ஊரு அது."

இயக்குநர் நியாயமானவர். சாதாரண செயற்கைக்கோள் புகைப்படம் ஒன்றை வரவழைத்துப் பார்த்தார். முழுக்க வெள்ளை மேகம். "ஒன்றும் தென்படவில்லை" என்று கோப்பில் எழுதினார். சாலை ஆய்வாளரை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னார். சாலை அடைபட்டிருப்பதால் போக முடியவில்லை என்று அவர் தகவல் அனுப்பினார். அதுவும் "ஆய்வறிக்கை வரவில்லை" என்று பதிவானது.

மேடம் தன் இருக்கைக்குத் திரும்பி, "ஐயத்துக்குரியது" என்பதை அழித்துவிட்டு "உறுதி" என்று தட்டச்சு செய்தார். வரைபடத்தை மீட்புப் படைத் தலைவருக்கு நேரடியாக அனுப்பிவிட்டு, போனில் கூப்பிட்டார்.

"இந்தத் தடவையும் பந்தாட்டமா மேடம்?"

"அப்படி இருந்தா என்னைத் திட்டுங்க. ஆனா போய்ப் பார்த்துட்டுத் திட்டுங்க."

தலைவர் சிரிக்கவில்லை. மலையின் மறுபக்கம் வழியாக ஆட்களை நடத்திக் கூட்டிப்போனார். சரிவு சாலையையும் போன் கோபுரத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருந்தது. அறுபத்திரண்டு பேர் பள்ளிக் கட்டடத்தில் ஒடுங்கிக் கிடந்தார்கள். இருவருக்குக் கால் முறிவு. யார் உயிருக்கும் ஆபத்தில்லை. மாலைக்குள் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். செய்தி வந்தபோது மேடம் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

இயக்குநர் பேட்டி கொடுத்தார்: "எங்கள் அலுவலகம் விழிப்போடு இருந்தது." மறுநாள் மேடத்தின் மேசைக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அனுமதியின்றி வரைபடம் அனுப்பியது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டுமாம். அவரும் எழுதிக் கொடுத்தார். அதில் இருந்த ஓர் எழுத்துப் பிழையை இயக்குநரே அன்போடு திருத்தினார்.

"அப்புறம் அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிசா போட்டுக் கொடும்மா. மாநாட்டுக்கு வேணும்."

இதற்குள் மீட்புப் படைத் தலைவர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார்: சரிவின் அடிப்பகுதி என்று மேடம் குறித்ததில் கொஞ்சம் உண்மையில் வெள்ளம் புரட்டிப்போட்ட தோட்டம். மாநாட்டுக்குப் பெரிதாக்கிய படத்தில் அந்த மூலைக்கு மட்டும் மேடம் மஞ்சள் பூசி, "தவறாகக் கணித்தது" என்று எழுதிக் கொடுத்தார்.

"இந்த மஞ்சளை எடுத்துடலாமே. பார்க்க நல்லாயில்லை."

"இருக்கட்டும் சார்," என்று சொல்லிவிட்டு, அடுத்த படத்தைத் திறக்கப் போனார்.