கால்நடையாகக் கண்டி

ஊர் காட்டுவதும் ஒரு தொழிலா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. உங்கள் வீட்டுக்கும் வெளியூரிலிருந்து மச்சான் வந்திருப்பார், சம்பந்தி வந்திருப்பார். இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நின்றிருப்பார். அவரோடு வெயிலில் அலைந்து, கோயிலுக்குக் கோயில் செருப்பைக் கழற்ற வைத்து, கூட்டத்தில் தொலைந்தவரைத் தேடிப் பிடித்து வீடு சேர்த்திருப்பீர்கள். அதையே நான் சம்பளத்துக்குச் செய்தேன். ஆகவே நாம் ஒரே கட்சி.

எனக்குச் சொந்த ஊர் நாவலப்பிட்டி. சண்டை நடந்த வருடங்களில் கண்டி வாவிக்கு மேலே ஒரு சின்ன விடுதியில் வழிகாட்டியாக இருந்தேன். அங்கே இன்னொரு வழிகாட்டி விமலதாச. சிங்களவர், என்னை விட மூத்தவர். அவரை ‘அய்யா’ என்றுதான் கூப்பிடுவேன். சிங்களத்தில் அதற்கு அண்ணன் என்று அர்த்தம், தமிழில் பெரிய மரியாதை. இரண்டு விதத்திலும் அவருக்குச் சந்தோஷம். என்னை அவர் ‘மல்லி’ என்பார், தம்பி என்று அர்த்தம். வெள்ளைக்காரர் வரத்து குறைந்துபோன காலம். வருகிறவர்களும் ஒரு நாள் தங்கினால் பெரிது. வாகனங்களை வழிநெடுக மறித்துச் சோதித்ததால் நடந்து காட்டுவதுதான் சுலபம். எனக்கும் அதுதான் பிடிக்கும். மேடும் பள்ளமுமாக, ஒவ்வொரு திருப்பத்திலும் வாவியைக் காட்டி மறைக்கிற ஊரை வேனுக்குள் இருந்து பார்த்தால் என்ன தெரியும்?

மலை ஏறிய கதை

பன்வில பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். பஸ் ஏறினால் கண்டி அவர்களுக்குக் கிட்டத்தான். ஆனாலும் பெரியாஸ்பத்திரியைத் தவிர கண்டியில் வேறெதையும் பார்த்திராதவர்கள் பாதிப் பேர். பெரிய வெள்ளைப் புத்தர் சிலை இருக்கும் பைரவகந்தைக்குக் கூட்டிப்போனேன். அடிவாரத்தில் நிறுத்தி, ஏற்றம் கடுமை, நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று என் வழக்கமான பாடத்தைச் சொன்னேன். அவர்கள் கதை பேசிக்கொண்டே போனார்கள். முதல் வளைவிலேயே நான் கடைசி ஆள்.

மேலே போனதும் எல்லோரும் ஓரத்துக்குப் போய் நின்றார்கள். வாவி, புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையின் கூரை, ரயில் பாதை, சுற்றிலும் மலை, எல்லாம் கீழே விரித்து வைத்ததுபோல் கிடந்தன. இவ்வளவு வடிவான ஊரா நம்ம பக்கத்தில் இருந்தது என்று ஒருவருக்கொருவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததைப் பார்த்து, தங்கம்மா என்கிற பெண் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். “இதெல்லாம் ஒரு மலையாங்க? காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக் களத்துக்குப் போறதே நாங்க இதவிட மேட்டுலதான்” என்றார்.

மதுரை அம்மா

மகனுக்குக் கொழும்பில் கம்பெனி வேலை என்று மதுரையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மகனுக்கு லீவு இல்லை. ஒரு நாள் கண்டியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தார். தலதா மாளிகையைக் கும்பிட்டு முடித்ததும், நம்ம சாமி ஏதும் இல்லையா என்று கேட்டார். எதிரேயே இருக்கிறது என்று பத்தினி தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேன். உங்கள் மதுரையை எரித்த அதே அம்மன்தான், இங்கே சிங்களத் தாய்மார் பிள்ளைக்கு அம்மை போட்டால் இவளிடம்தான் ஓடி வருவார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. நான் கதை விடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

அந்நேரம் ஒரு சிங்களப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பூத்தட்டோடு வந்தாள். குழந்தையின் முகமெல்லாம் ஆறிப்போன அம்மைத் தழும்பு. குணமானதற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மதுரை அம்மா வாசலுக்கு ஓடிப்போய் தானும் ஒரு தட்டுப் பூ வாங்கிவந்து அவள் பக்கத்தில் நின்றார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒன்றாகக் கையெடுத்தார்கள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மதுரை அம்மா சொன்னது: “எங்க ஊரக் கொளுத்திட்டு, இங்க வந்து குளுகுளுன்னு உக்காந்து பிள்ளைங்களப் பாத்துக்கிறாளாக்கும்.”

மேகச் சுவர்

ஹொலண்டிலிருந்து வந்த ஒரு முதியவர், ஓய்வுபெற்ற தபால்காரர். வேலையில் இருந்த காலமெல்லாம் நடந்தே பழகியவர் என்பதால் என்னோடு நன்றாக ஒத்துப்போனார். ஒரு பகல்தான் அவருக்கு இருந்தது, சாயந்திர ரயிலில் கொழும்புக்குப் போக வேண்டும். வாவியைச் சுற்றி மேகம் மாதிரி வளைந்து வளைந்து ஒரு வெள்ளைச் சுவர் ஓடும். அதைக் கட்டிய கடைசி ராஜாவின் கதையைச் சொல்லிக்கொண்டு நடந்தேன். சுவர் முடிவதற்குள் இங்கிலீஷ்காரர் ராஜாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற இடத்துக்கு வந்தபோது, இரண்டு பொலிஸ்காரர்கள் என் அடையாள அட்டையைக் கேட்டார்கள். பெயரைப் பார்த்தார்கள். வாவிக் கரையில் வெள்ளைக்காரனுக்கு எதைக் கை காட்டுகிறாய் என்றார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிப்போனார்கள்.

தபால்காரர் விடுதிக்குத் திரும்பவில்லை, கூடவே வந்துவிட்டார். உள்ளே என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வெளியே வாங்கில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் போகலாம் என்று சொன்னவர்களிடமெல்லாம், இவர் எனக்கு ஊர் காட்டுகிறார், இன்னும் முடியவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். கடைசியில் விமலதாச வந்து எனக்காகப் பேசி, ஒப்பமும் வைத்த பிறகுதான் விட்டார்கள். அதற்குள் ரயில் போய்விட்டது. அவருடைய ஒரே ஒரு பகலும் போய்விட்டது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு கேட்டார்: “ராஜாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றீர்களே, அவர் திரும்பி வந்தாரா?”

வாவிக்கரை விளக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியத் தம்பதி. மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தாள். ஊரை விட்டு வெளியே வர பாஸ் எடுத்து, எத்தனையோ சோதனை தாண்டி அவளைப் பார்க்க வந்தவர்கள். அவளுக்குப் பரீட்சை இருந்த நாளில் என்னோடு ஊர் பார்க்க வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று வருடக்கணக்காகிவிட்டது. ஜாம் போத்தலில் திரி போட்டு, கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில்தான் மகள் படித்துப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாள் என்று கணவர் சொல்லிக்கொண்டு வந்தார்.

பொழுது சாயும்போது வாவிக்கரை விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் பற்றின. தண்ணீரிலும் அத்தனை விளக்குகள். அம்மா அப்படியே நின்றுவிட்டார். கணவர் கூப்பிட்டும் அசையவில்லை. விடிய விடிய எரியுமா என்று என்னிடம் கேட்டார். எரியும் என்றேன். கரை முழுவதையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: “இவ்வளவு வெளிச்சத்துக்குக் கீழ ஒரு பிள்ளையும் இருந்து படிக்கேல்லையே, தம்பி.”

விமலதாச வந்த நாள்

தலதா மாளிகை வாசலில் புலிகளின் குண்டு வெடித்தபோது நான் நாவலப்பிட்டிக்குப் போய்விட்டேன். எண்பத்து மூன்றில் தமிழர் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். இனிக் கண்டிப் பக்கம் போகாதே என்றாள் மனைவி. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தினமும் நான் காட்டிய அந்தக் கல் சிற்பங்கள் உடைந்து கிடந்தன. எனக்கும் வலிக்கிறது என்று அங்கே யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால்தான் நம்புவார்களா? கடையொன்றில் வேலைக்குச் சொல்லி வைத்தேன்.

ஒரு காலையில் விமலதாச வாசலில் நின்றார். கையில் அன்னாசிப்பழம். கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார். நான் இனி வரவில்லை, என் பெயரைக் கேட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்றேன். தான் பக்கத்தில் இருக்கிறபோது யார் என்ன நினைத்தால் என்ன என்றார். மாளிகைக்கு முன்னால் பாதையை மூடிவிட்டார்கள், ஒரு வாகனமும் போக முடியாது என்று விவரம் சொன்னார். பிறகு சட்டையை எடுத்து மாட்டு என்பதுபோல் என்னைப் பார்த்தார். மனைவி என் பையைக் கொண்டுவந்து வைத்தாள். பகல் ரயிலுக்கு அவரோடு கிளம்பினேன். என்னைக் கிளப்பியது அவர் சிங்களத்தில் சொன்ன இவ்வளவுதான்: “இனி எல்லாரும் நடந்துதான் போகவேண்டும், மல்லி. உன் தொழில் இப்போதுதான் ஆரம்பம்.”

கண்டியை அரை நாளில் நடந்து பார்த்துவிடலாம் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்ன எனக்குத்தான் அது இன்னும் பார்த்து முடிந்தபாடில்லை.