சுள்ளிக்கு ஓடிய மான்கள்

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, பெரிய வேட்டைக்காரர் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். சுனாமிக்குப் பிந்திய சண்டை வருசங்களில் நாங்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்தோம். எனக்கு எட்டு வயதிருக்கும். மாமா வயல் வட்டையில் பரண் கட்டி வேளாண்மைக்குக் காவல் இருந்தார். அவருக்குத் துணை, மருந்திடித்துச் சுடும் பழைய இடியன் துவக்கு ஒன்று. அது வெடித்ததைவிட வெடிக்காமல் விட்டதுதான் அதிகம்.

ஒருநாள் மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டு போனேன். வட்டை ஓரத்தில் மான்கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வாவிக்கு அந்தப் பக்கமிருந்து ஷெல் ஒன்று கூவிக்கொண்டு வந்து தூரத்துக் காட்டில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தபடி நான் சோற்றுப் பார்சலோடு குப்புறப் படுத்துக் காதைப் பொத்தினேன். அதிர்ச்சி அடங்கித் தலையைத் தூக்கினால், மான்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒன்று மட்டும் காதை ஆட்டிவிட்டுத் திரும்பவும் புல்லில் வாயை வைத்தது.

"அது தங்களுக்கு வாற சாமானில்ல எண்டு அதுகளுக்குத் தெரியும் புள்ள," என்று மாமா சிரித்தார்.

பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, துவக்கோடு பூனை மாதிரி நடந்தார். கொஞ்ச தூரம்தான் போயிருப்பார், காலடியில் ஒரு சுள்ளி முறிந்தது. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவ்வளவுதான், ஒரு மானைக் காணோம்.

திரும்பி வந்தவரின் முகம் செத்துப்போயிருந்தது. "முந்தியெண்டா கிட்டப் போனாலும் நிண்டு பாக்கும். நாங்கதான் சுட்டுச் சுட்டுப் பழக்கி வெச்சிருக்கம். இப்ப மெல்ல வாறவனுக்குத்தான் அதுகள் பயம்."

ஷெல்லுக்கு அசையாதது சுள்ளிக்கு ஓடுகிறதே என்று வீடுவரைக்கும் எனக்குச் சிரிப்பு.

சில மாதங்களில் எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்தது. ஒரு மத்தியானம் மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், இரண்டு பேர் மோட்டார்சைக்கிளைப் படலையில் நிறுத்திவிட்டு வந்தார்கள். வாசலில் மரியாதையாகச் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் என் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார்.

"சின்ன விசாரணைதான் அக்கா. கதைச்சிட்டு உடனே விட்டிருவம்."

ஷெல் சத்தம் கேட்டால் விழுந்தடித்துப் பதுங்குகுழிக்குள் பாய்கிற எங்கள் வீட்டில், அன்றைக்கு ஒருவரும் ஓடவில்லை. அம்மா அவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தா. மாமா பாதிச் சோற்றில் கையைக் கழுவி, கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"சோத்த மூடி வை அக்கா, இந்தா வந்திருவன்."

அவர் வரவில்லை. அம்மா போய்க் கேட்காத படைமுகாமில்லை. அந்த வெறுங்கால்கள் எங்கள் வீட்டுக்குள் நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்குப் பயம்தான்.

அன்றைக்கோ, மூடி வைத்த சோற்றுக் கோப்பையில் ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டு பொழுதுபடும்வரை வாசலிலேயே இருந்தேன். வெளியில் ஒரு சத்தமும் இல்லை. அதனால் எனக்குப் பயம் வரவில்லை.