நான் கழற்றிய பஸ்ஸர்

ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஒரு பஸ்ஸரை, பழுது என்று சொல்லிக் கழற்றியவன் நான். அதுவும் எலக்ட்ரீசியன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு வருஷமாக டெஸ்டரைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு அலைகிறவன். பிறகு தெரிந்து நீங்கள் சிரிப்பதற்குப் பதில், இப்போதே சிரித்துவிடுங்கள்.

சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுவேன். செண்பகத்தோப்பு போகிற ரோட்டில் ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே இருக்கும் அறிவியல் டீச்சரின் வீட்டுக்காரர் என்னோடு மில்லில் வேலை பார்க்கிறவர். "பிள்ளைக எதையும் கையால செஞ்சு பாக்கணும் அண்ணே. நீங்க வந்து சால்டரிங் மட்டும் சொல்லிக் குடுங்க" என்று டீச்சர் கேட்டார். அந்த 'மட்டும்' என் காதில் ஏறவில்லை.

டீச்சருக்கு ஒரு கவலை இருந்தது. பள்ளியின் கடைசி அறையை ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, லென்சும் காந்தமும் சேர்த்து அறிவியல் அறை ஆக்கியிருந்தார். அதற்கு நேர் மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. குரங்குக்குப் பயந்து மூடிமேல் கல் வைத்த தொட்டி. மோட்டார் போடுகிற பொறுப்பு சமையல் அக்காவுக்கு. சுவிட்சைப் போட்டுவிட்டு அவர் சாம்பாரைப் பார்க்கப் போவார். தொட்டி நிறைந்து வழியும். அறைச் சுவரில் தண்ணீர் இறங்கும். மாட்டிவைத்த படமெல்லாம் அப்பளம் மாதிரி உப்பிப்போகும்.

தலைமையாசிரியர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "ஈர ரூம்ல என்ன அறிவியல்? ஒடஞ்ச பெஞ்சை எல்லாம் அங்க போட்டுருவோம். அடுத்த மாசம் கல்வி அதிகாரி பார்வைக்கு வாராரு. அவரு பாத்துட்டு வேணும்னு எழுதினா, ரூம் ஒங்களுக்கு. இல்லைன்னா பெஞ்சுக்கு."

எட்டாம் வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளை இதற்கு வழி கண்டுபிடித்தாள். தொட்டியின் விளிம்பில் இரண்டு கம்பி. தண்ணீர் அதைத் தொட்டதும் கீழே பஸ்ஸர் கத்தும். சத்தம் கேட்டு அக்கா வந்து மோட்டாரை நிறுத்துவார். அவ்வளவுதான். கம்பியை ஈயத்தால் ஒட்டுகிற அந்த சால்டரிங் நான் சொல்லிக் கொடுத்தது. அதில் எனக்குப் பெருமை. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

முதல் சோதனைக்கு, கம்பியை ஒரு கப் தண்ணீரில் முக்கினாள். பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்தினார்கள். டீச்சர் முகத்தைச் சுளித்தார். எனக்குக் கொசு பறக்கிற மாதிரி ஏதோ கேட்டது. பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"சத்தம் பத்தாது. பஸ்ஸர் பழுது" என்றேன்.

"பத்தாதா? ரோட்டுல சைக்கிள்ல போறவரு நின்னு பாக்காரு சார்!" என்றாள் அந்தப் பிள்ளை.

"நான் எம்புட்டு பஸ்ஸர் பாத்துருக்கேன்! நான் சொல்றேன்ல."

எங்கள் மில்லில் சத்தத்துக்கு மரியாதை கிடையாது. ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் மெஷின்கள் ஓடுகிறபோது பக்கத்தில் நிற்கிறவரிடம் டீ குடிக்கப் போகலாமா என்று கேட்பதற்கே கை ஜாடைதான். அதனால் மெஷினின் தலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடுக்கு விளக்கு இருக்கும். எங்காவது கோளாறு என்றால் சிவப்பு எரியும். எங்களுக்கு நடக்கும்போதே கண் மேலேதான் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சீரியல் லைட்டைப் பார்த்துத் திடுக்கிடுவேன்.

ஆகவே மில்லில் கேட்டு, கழித்துப்போட்ட அடுக்கு விளக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். பஸ்ஸரைக் கழற்றினேன். அறை வாசலுக்கு மேலே விளக்கை மாட்டினேன்.

அந்தப் பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா அடுப்படியில இருப்பாக. இது எரியிறது அவியளுக்கு எப்பிடி சார் தெரியும்?"

"எங்க மில்லுல அம்புட்டு மெஷினுக்கும் வெளக்குதான், தெரியுமா?" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது. அவள் பஸ்ஸரை எடுத்து ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு மூடினாள்.

அதிகாரி வந்த அன்று மில்லில் லீவு சொல்லிவிட்டு, அயர்ன் பண்ணின சட்டையோடு போய் நின்றேன். அக்கா மோட்டாரைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். நாங்கள் அறைக்குள் இருந்தோம். விளக்கு வெளியே இருந்தது. நான் அதிகாரியிடம் மில் தொழில்நுட்பத்தைப் பற்றிச் செத்த நேரம் அல்ல, ரொம்ப நேரம் பேசினேன். அவருடைய நோட்டில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு சுவரே அழ ஆரம்பித்தது.

வெளியே ஓடி விளக்கைப் பார்த்தேன். ஜம்மென்று சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

"சார், வெளக்கு எரியுது! கரெக்டா வேலை செய்யுது!" என்று கத்தினேன். சத்தியமாகச் சந்தோஷத்தில் கத்தினேன்.

"வெளக்கு எரியுது, சரி. தண்ணி நிக்கலையே?" என்றார் அதிகாரி, நோட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே. "இப்பிடி ஒழுகுனா இங்க பெஞ்சு போட்டாலும் உளுத்துப் போகும்."

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. யாரோ ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார்கள்.

அப்போது அந்தப் பிள்ளை முன்னால் வந்தாள். "சார், பத்து நிமிஷம் குடுங்க" என்று அதிகாரியிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. பெஞ்சில் ஏறி விளக்கு ஒயரைப் பிரித்தாள். ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பஸ்ஸரை எடுத்து முறுக்கி மாட்டினாள். இன்னொருத்தி குழாயைத் திறந்து தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கினாள். மோட்டார் மறுபடி ஓடியது.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி காதைப் பொத்தினார். தலைமையாசிரியரும் பொத்தினார். எனக்கு அதே கொசு. அடுப்படியிலிருந்து அக்கா கையில் கரண்டியோடு ஓடிவந்தார். "வாரேன், வாரேன்! செத்த மூதி, என்னா கத்து கத்துது!" என்று ஏசிக்கொண்டே மோட்டாரை நிறுத்தினார். சுவரில் புதிதாக ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

அதிகாரி சிரித்துவிட்டு, ஈர நோட்டிலேயே எழுதினார். அறை டீச்சருக்கு. உடைந்த பெஞ்சுகள் சைக்கிள் ஷெட்டுக்கு.

"அண்ணே, ஒருநா டாக்டர்கிட்ட காதைக் காமிங்க" என்றார் டீச்சர், மெதுவாக. அதாவது, அவர் மெதுவாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மறுநாளே டாக்டரிடம் போனேன். மில் சத்தத்தில் கீச்சுச் சத்தமெல்லாம் என்னைவிட்டு எப்போதோ போய்விட்டதாம். வீட்டில் மிக்ஸி ஓடி நின்றதுகூடத் தெரியாமல் நான் கத்திப் பேசுவதற்கு என் பெண்டாட்டி வேறு காரணம் வைத்திருந்தாள்: திமிர்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனேன். சுவர் காய்ந்திருந்தது. வாசலில் பஸ்ஸர் தொங்கியது. அந்தப் பிள்ளை புதுப் படம் ஒட்டிக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடிகிறதா எனக்கு? "ஏம்மா, இன்னுங் கொஞ்சம் சத்தமா ஒண்ணு வாங்கி மாட்டுனா எனக்கும் கேக்கும்ல?" என்றேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "ஒங்களுக்கு வைக்கல சார், அக்காவுக்கு வச்சது."