ராசாவுக்கு அரைப்பேர்

லவ் பேர்ட்ஸ் வியாபாரத்துல குருவிய விக்கிறது லேசு. அது என்னா திங்கணும்னு வாங்குனவங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ளதான் நம்ம உசுரு போயிரும். தொண்ணூறுகள்ல கேகாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கூண்டும் தினையும் வச்சு நான் கடை நடத்துனேன். கோழித் தீவனம், மீன் தொட்டின்னு இந்த மாதிரிக் கடையில உக்காந்து பேசிப் பேசியே வாய் வலிச்சவங்க யாராவது இதப் படிக்கிறீங்கன்னா, ஒரு பிளேன்டீ ஊத்திக்கிட்டு வாங்க. உங்களுக்குத்தான் புரியும்.

வீட்டுச் சாப்பாடு

அரநாயக்கப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல கணக்கப்புள்ளையா இருந்து ரிட்டயர் ஆனவரு மாணிக்கம். அவரோட சம்சாரம் புஷ்பம் அக்கா. ஒரே பொண்ணு தவமணி, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போச்சு. போறதுக்கு முன்னாடி எங்கடையில ஒரு பச்சைக் குருவி வாங்கி, ராசான்னு பேரு வச்சு, "நான் வர்ற வரைக்கும் இவனப் பாத்துக்கங்க"ன்னு அம்மா கையில குடுத்துட்டுப் போச்சு. மாசத்துல மொத ஞாயிறு, பக்கத்துக் கடை கொமியுனிகேஷனுக்கு அதுகிட்ட இருந்து போன் வரும். பெத்தவங்க ரெண்டு பேரும் கூண்டத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல வருவாங்க. ராசா சத்தத்தக் கேட்டாத்தான் அந்தப் புள்ளைக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வருமாம்.

ஒருநாள் அக்கா மட்டும் கூண்டோட வந்து, "இவனுக்கு மூச்சு வாங்குது"ன்னாங்க. துணிய வெலக்கிப் பாத்தா, உள்ள ஒரு பச்சைப் பந்து உக்காந்திருக்கு. என்னா குடுக்குறீங்கன்னு கேட்டேன். காலையில ரொட்டி, பத்து மணிக்குப் பால் தேத்தண்ணியில நனைச்ச பிஸ்கட், மத்தியானம் தேங்காப்பூவும் சீனியும். மரத்துல பட்டர் புரூட் பழுத்திருக்கு, நாளைக்கு அதுல கொஞ்சம் குடுக்கலாம்னு இருக்காங்களாம். "ஐயோ அக்கா, அது குருவிக்கு வெஷம்!"னு நான் போட்ட சத்தத்துல கடையில இருந்த அத்தனை குருவியும் வாய மூடிக்கிச்சு. இனிமே அளவாத் தினை, கொஞ்சம் கீரை, நல்ல தண்ணி, அவ்வளவுதான்னு சொன்னேன். அக்கா என் உள்ளங்கையில இருந்த தினைய ரொம்ப நேரம் பாத்தாங்க.

"இதென்னா மொதலாளி, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு? எம்புள்ள கேட்டா நான் என்னா சொல்றது?"

சத்தமில்லாத ஞாயிறு

அடுத்த மொத ஞாயிறு ராசா எளைச்சிருந்தான். நான் நெனைச்சதுக்கும் மேலயே எளைச்சிருந்தான். கொமியுனிகேஷன் வச்சிருந்த பண்டா, எல்லாருக்கும் கேக்கட்டும்னு ஸ்பீக்கரப் போட்டுவிட்டாரு. அந்தப் பக்கம் தவமணி "ராசா, ராசா"ன்னு கூப்புடுது. இவன் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கான். கணக்கப்புள்ள விசிலடிச்சாரு. நான் தினை டப்பாவ ஆட்டுனேன். பண்டா கூண்டுக்குள்ள வாய வச்சு, "கதா கரப்பங் புதா", பேசுடா மகனேன்னு சிங்களத்துல கெஞ்சுனாரு. ரெண்டு பாஷையிலயும் பதில் இல்ல.

தோட்டத்துல ஒரு பழக்கம் இருக்கு. வெளிநாட்டுல இருக்கிற புள்ளைங்களுக்கு இங்க நடந்த சாவச் சொல்ல மாட்டாங்க, அங்க தனியாக் கெடந்து அழும்னு. அது தவமணிக்கும் தெரியும்.

"அம்மா, அவன் செத்துட்டானா? மறைக்காமச் சொல்லு. மாமா செத்ததையும் நீங்க இப்புடித்தான் மறைச்சீங்க."

அரைப்பேர்

போன வச்சதும் ரெண்டு பேரையும் கடைக்குக் கூட்டிட்டு வந்து, உண்மையில என்னாதான் குடுக்குறீங்கன்னு கேட்டேன். 'அளவு'ன்னு நான் சொன்ன அன்னைக்கே கணக்கப்புள்ள பொறுப்பத் தன் கையில எடுத்துட்டாராம். காலையில ஆறு மணிக்குப் பெரட்டு. வேலையாளுங்க பேர் பதியப் பெரட்டுக்களத்துல வந்து நிக்கிற மாதிரி, ராசா முன்கம்பிக்கு வந்து நிக்கணும். வந்து சத்தம் போட்டா முழுப்பேர், அதாவது தோட்டக் கணக்குல முழு நாள் சம்பளம், அன்னைக்குத் தினை பூராவும் உண்டு. லேட்டா வந்தா அரைப்பேர், பாதித் தினை. வரலன்னா பேரே இல்ல. பாதி தின்னவனுக்குத் தெம்பு கொறையும், மறுநாள் இன்னும் லேட்டு. இப்புடியே பாவம், குருவி பட்டினியில கெடந்திருக்கு.

எனக்கு வந்த கோவத்துக்கு, "அய்யா, பெரட்டுக்கு வர அங்க இருக்கிறதே ஒத்தைக் குருவிதானே!"ன்னு கத்திட்டேன். அவரு அசையல.

"மொதலாளி, வராதவனுக்கு முழுப்பேர் போட்டா நாளைக்கு எவன் வருவான்?"

கணவாய் ஓடு

அன்னைக்கே கணக்கப்புள்ள பதவி பறிபோச்சு. புஷ்பம் அக்கா கைக்கு வேலை வந்துச்சு. காலையிலயும் சாயந்தரமும் சின்னக் கரண்டியில தினை, பத்து மணிக்குக் கழுவின வல்லாரை. மூக்குத் தீட்டவும் சுண்ணாம்புச் சத்துக்கும் கூண்டுல கட்ட ஒரு கணவாய் மீன் ஓடும் குடுத்தேன். கவுச்சியாச்சேன்னு அக்கா அத ரெண்டு விரல்ல புடிச்சாங்க. ராசா கூண்டு தொங்குறது முருகன் படத்துக்கு நேர் கீழ. குருவி எதக் கொறிக்குதுன்னு முருகன் பாத்துக்கிட்டா இருக்காருன்னு எம்புட்டோ எடுத்துச் சொன்னேன். ரெண்டு வாரம் கழிச்சு, ஓட்டக் கொறிக்கிறானான்னு கேட்டேன்.

"நல்லாக் கொறிக்கிறான் மொதலாளி. வெள்ளிக்கெழமை மட்டும் கழட்டி கோழிக்கூட்டு மேல வச்சிர்றேன். அன்னைக்கு அவனும் சைவம்."

மறுபடியும் போன்

அடுத்த தடவை மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே ராசா ஆரம்பிச்சிட்டான். தவமணி குரல் வந்ததும் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்குற மாதிரி ஒரே கத்து. அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுற சத்தம். அழுவுதுன்னு நெனைச்சேன், அப்புறம் சிரிச்சிச்சு. எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு, பொய் சொல்லல.

அக்காவுக்குப் பெருமை தாங்கல. ஆறு மணிக்குத் தினை, பத்து மணிக்குக் கீரை, சாயந்தரம் திரும்பத் தினை, ஒரு நாள் பிந்துனதில்லன்னு ஒப்பிச்சாங்க. பின்னால இருந்து கணக்கப்புள்ள, "முழுப்பேர்!"னு ஒரு குரல் குடுத்தாரு. தவமணி திரும்பவும் சிரிச்சிச்சு.

"அவனுக்காவது நேரத்துக்குச் சாப்பாடு கெடைக்குதேம்மா. குடுத்து வச்சவன். சரி, மேடம் கூப்புடுறாங்க, வைக்கிறேன்."

அக்கா கேட்ட கடைசிக் கேள்வி

பண்டா ஸ்பீக்கர நிப்பாட்டுனாரு. ராசா இன்னும் வாய மூடல. கணக்கப்புள்ள துணிய எடுத்துக் கூண்ட மூடிட்டு, அதுமேலயே கைய வச்சுக்கிட்டு நின்னாரு. புஷ்பம் அக்கா எங்கடைக்கு வந்தாங்க. தினைக்குத்தான்னு நெனைச்சு நான் தராச எடுத்தேன்.

"மொதலாளி, நம்ம தோட்டத்துப் புள்ள ஒண்ணு அடுத்த மாசம் குவைத்துக்குப் போவுது. சமைக்காம, ரொம்ப நாளைக்குக் கெடாம, யாருக்கும் தெரியாம ஒளிச்சு வச்சுத் திங்கிற மாதிரி தவமணிக்கு என்னா குடுத்து விடலாம்?"

புதுசாத் தீனிக் கடை போட நெனைக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: குருவி என்னா திங்கணும்னு தெரிஞ்சு வச்சிருந்தா மட்டும் பத்தாது, இந்தக் கேள்விக்கும் ஒரு பதிலக் கையில வச்சுக்கிட்டு அப்புறமாக் கதவத் தொறங்க.