நமுத்துப் போன அட்டை

மைக்ராஸ்கோப்பில் நாற்பத்தேழாவது குளவியை எண்ணும்போதுதான் பொறி தட்டியது. "ஆம்பளையே இல்ல!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். விருதுநகரில் நான் படித்த கல்லூரியின் ஆய்வகம் அது. பக்கத்து மேசையில் இருந்த விஸ்வநத்தத்துத் தோழி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எங்கம்மா இருக்குற பாக்கிங் செட்டுலயும்தான் ஒரு ஆம்பள கெடையாது. அதக் கண்டுபிடிக்க எதுக்குடி மைக்ராஸ்கோப்பு?"

நான் எண்ணியது டிரைக்கோகிரம்மா என்ற குளவி. கடுகில் பாதிகூட இருக்காது. அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். அந்த முட்டை கறுத்து, உள்ளிருந்து குளவி வரும். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு மக்காச்சோளக் காட்டில் இலைக்கு அடியில் கறுத்துக் கிடந்ததைக் கிள்ளி வந்திருந்தேன். இதில் ஆணுக்கு உணர்கொம்பில் நீள முடி இருக்கும். பெண்ணுக்கு மொட்டை. நான் பார்த்ததெல்லாம் மொட்டை.

சாதாரணமாக, இணை சேராத பெண் குளவி மகன்களை மட்டுமே பெறும். நான் ஒன்றைப் பிறந்தவுடனே தனியாக அடைத்து வைத்தேன். மகள்கள் வந்தார்கள். அந்த மகள்களைத் தனித்தனியாக அடைத்தேன். மறுபடியும் மகள்கள். எங்கள் துறை மேடம் சோதனைக்கு அனுப்பிப் பார்த்தார். உள்ளே வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருந்தது. அது தாயின் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போக முடியும். மகனுக்குள் போனால் அங்கேயே முடிந்தது. அதனால் மகனே பிறக்காதபடி பார்த்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இவ்வளவு யோசித்ததுபோல் நடந்துகொள்கிறதே என்று மூன்று நாள் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஜூன் வரைக்கும் இந்த வம்சத்தை அறாம வச்சிரும்மா, ஆராய்ச்சிக்கு உன்னைச் சேர்த்துக்கிறேன்" என்றார் மேடம். "செத்துப்போச்சுன்னா உனக்காகக் காட்ட எங்கிட்ட ஒண்ணும் கிடையாது." இல்லையென்றால் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் பில் போடும் வேலை. சித்தி பேசி வைத்திருந்தாள்.

மே மாதம் கல்லூரியைப் பூட்டினார்கள். பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்களைத் திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அச்சகத்துக் கழிவு காலண்டர் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, பசை தடவி, அந்துப்பூச்சி முட்டைகளைத் தூவி, குழாய்க்கு ஒன்றாகப் போட்டு, வாயில் பஞ்சு வைத்தேன். ஒரு அட்டையின் பின்பக்கம் முருகனின் கால்விரல் இருந்தது. பெரிய கவலை வெயில்தான். முப்பது டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் போனால் வோல்பாக்கியா தாங்காது. அடுப்படியில் தண்ணீர் டிரம்முக்குக் கீழே ஒரு தட்டில் மணலைப் பரப்பி, நனைத்து, குழாய்களை வரிசையாகப் புதைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டேன். வெப்பமானி இருபத்தெட்டில் நின்றது. காலையில் டியூஷன் எடுக்கப் போவேன், மதியம் வந்து பார்ப்பேன், அதே இருபத்தெட்டு.

முதல் தலைமுறை சரியாக வந்தது. இரண்டாவதில் கொம்பில் முடியோடு ஒரு ஆண், மீசைக்காரன். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மீசைதான். மூன்றாவதில் குழாய்க்குக் குழாய் மீசைகள். ஏன் என்று புரியாமல் மணலை மாற்றினேன், பஞ்சை மாற்றினேன், வெப்பமானியைக்கூட மாற்றினேன்.

ஒருநாள் டியூஷனில் கரண்ட் இல்லையென்று பத்து மணிக்கே திரும்பிவிட்டேன். டிரம்முக்குக் கீழே தண்ணீர் சொட்டும் மூலையில் சாக்கு சுருண்டு கிடந்தது, மிச்சத் தட்டு வெறும் மணல். மாடிக்கு ஓடினேன். விரித்த கோணிமேல் என் குழாய்கள், ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளி விட்டு, வரிசை பிசகாமல் வெயிலில் கிடந்தன. தண்ணீர்த் தொட்டி நிழலில் குத்தவைத்து அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"கத்தாத. ஒரு பக்கமே காஞ்சா ஆகாது."

"எத்தன நாளா?"

"கம்பெனி அடச்சதுல இருந்துதான். சும்மா உக்காந்து என்ன செய்ய? நீ பாட்டுக்கு ஈரச் சாக்குக்குள்ள போட்டு அம்புட்டையும் நமுக்க விட்டுட்டுப் போற. ஒங்க மேடம் வந்து பாத்தா என்ன சொல்லுவாக? நீ வர்றதுக்குள்ள எடுத்து அங்கனயே வச்சிருவேன்."

எங்கள் பக்கம் நமுத்துப் போவதைவிடக் கெட்டது கிடையாது. வெடி நமுக்கும், தீக்குச்சி நமுக்கும், ஒரு வேலையிலும் நிலைக்காத மாப்பிள்ளைகூட நமுத்த கேஸ்தான். அம்மா பதினாறு வயதில் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள், சரம் பின்னுகிறவள். பாதுகாப்பு ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் கம்பெனியை அடைத்து ஒரு மாதமாகிறது. ஈரத்தைக் கண்டால் வெயிலைக் காட்டு என்று அவள் கைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"வெயில் பட்டா உள்ள இருக்குற கிருமி செத்துரும்மா."

"கிருமி செத்தா நல்லதுதான ஆத்தா?"

குழாய்களை அள்ளிக்கொண்டு கீழே இறங்கினேன். கிருமி போனால் குளவி பழையபடி ஆகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆகவில்லை. எத்தனை தலைமுறையாக ஆணைப் பார்க்காத வம்சமோ, பெண் குளவிகள் இணை சேர்வதையே மறந்துவிட்டிருந்தன. மீசைக்காரர்களைப் பெண்களோடு விட்டு லென்ஸை வைத்துக்கொண்டு அரை நாள் பார்த்தேன். அவன் கிட்டே போகிறான், அவள் நடந்து போய்விடுகிறாள். இணை சேராமல் இட்ட முட்டையில் மகன்கள்தான் வருவார்கள். மகன்கள் முட்டையிடப் போவதில்லை. கடைசித் தலைமுறை முழுக்க மீசை. அதோடு சரி.

சாயங்காலம் குழாய் குழாயாக எண்ணினேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எத்தன தேறும்?" என்றாள். கம்பெனியில் சரக்கைக் கேட்பதுபோல.

"ஒண்ணும் தேறாது."

அவள் விரல்கள் முந்தானை நூலைச் சரம் பின்னுவதுபோல் பின்னிக்கொண்டே இருந்தன. "நான் கெடுத்துட்டனா?" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அடுத்த குழாயை எடுத்தேன். அவள் எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

கம்பெனி அடைத்தும் அவள் ஐந்து மணிக்கு எழுந்து தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டு மூடி, அப்புறம் ஞாபகம் வந்து தட்டில் கொட்டிக்கொள்கிறாள். "கம்பெனி தெறந்தா எந்நேரம் வெடிக்குமோன்னு பயமா இருக்கு, தெறக்காட்டி அதவிடப் பயமா இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். என் குளவிகளுக்கும் அந்தக் கிருமி அப்படித்தான். இருக்கும்வரை அது வைத்ததுதான் சட்டம், போய்விட்டாலோ வம்சமே கிடையாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆனது. தெரிந்து என்ன செய்ய?

இன்று காலை மேடத்துக்குச் சொல்லிவிடலாம் என்று நோட்டைப் பிரித்தேன். ஏழாம் குழாயின் வரிசையில் எண்கள் மிகவும் குறைவு. தலைமுறைக்கு நாலைந்துதான் பிழைத்திருந்தன. அதனால் அதை நான் மொத்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை. ஆனால் அந்த வரிசையில் ஒரு மீசைகூட இல்லை.

"அம்மா, ஏழாம் நம்பர் குழாயையும் காயப் போட்டியா?"

"எது, டிரம் குழாய் சொட்டுற மூலையில இருக்குமே, அதா? அது நமுத்து, பூசணம் பூத்துப்போச்சு. அத வெயில்ல வச்சு என்ன பிரயோசனம்? நான் தொடவே இல்ல."

எடுத்துப் பார்த்தேன். அட்டை ஊறி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வெள்ளைப் பூசணத்துக்கு நடுவே பதினொரு கறுத்த முட்டைகள். அதில் மூன்று ஊசி பட்டதும் அமுங்கிவிட்டன, வெறும் கூடு. மிச்சம் எட்டு. பூசணம் முந்துமா குளவி முந்துமா என்று எனக்குத் தெரியாது. பூசணம்தான் என்று தோன்றுகிறது.

நாளைக் காலை ஒவ்வொரு முட்டையையும் அட்டையோடு வெட்டி, எட்டுக் குழாய்களில் தனித்தனியாகப் போட்டு, அந்தச் சொட்டும் மூலையிலேயே வைக்கப் போகிறேன். எது வெளியே வந்தாலும் இணையில்லாமல் புது அந்துப்பூச்சி முட்டை கொடுத்து, மகள் வருகிறாளா, கிருமி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் டியூஷனில் இருக்கும் நேரம் மணிக்கொரு தரம் சாக்கை நனைக்க ஆள் வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். "நானே நமுக்க விடணுமாக்கும்" என்றாள். பிறகு போய் வாளியை எடுத்து டிரம் பக்கத்தில் வைத்தாள்.