மலையேறினால் கெட்டுப்போகும் வெப்பமானி

நாகலூர் லூர்துசெல்வி தம் வாழ்நாளில் மூடர்கள் பலரைக் கண்டவர். எனினும், ஏற்காட்டில் அவர் வேலைபார்த்த பள்ளி விடுதிச் சமையற்கூடத்தின் மேற்பார்வையாளர் அண்ணாதுரையைப்போல், தம் மூடத்தனத்தை நாள்தோறும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமும் இட்டு வைத்த ஒருவரை அவர் கண்டதில்லை.

மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆலோசகர் ஒருவர் எழுதியனுப்பிய விதி அடுப்படிச் சுவரில் தொங்கியது: பால் நூறு டிகிரியை எட்ட வேண்டும்; எட்டாத பால் பிள்ளைகளுக்குப் போகக்கூடாது. ஏற்காட்டு உயரத்திலோ பால் தொண்ணூற்றைந்திலேயே தளதளவெனக் கொதித்துவிடும்; எரிவாயு உருளையையே காலிசெய்தாலும் அதற்குமேல் ஏறாது. கிருமி சாக அதுவே தாராளம். வரம்பைத் திருத்தியிருந்தால் போதும். அண்ணாதுரையோ வெப்பமானியைத் திருத்தப் புறப்பட்டார். சேலத்துக் கடைக்காரர் மூன்று வெப்பமானிகளைக் கொதிநீரில் வைத்துக் காட்டினார். மூன்றும் ஏறத்தாழ நூறு காட்டின. மேலே வந்ததும் மூன்றும் தொண்ணூற்றைந்தில் நின்றன.

"இருவது வளைவுலயும் பஸ் போட்டு உலுக்குற உலுக்குல நொம்பக் கெட்டுப் போயிருதுங்க" என்று தலைமையாசிரியருக்கே விளக்கமளித்தார். அன்றுமுதல் வெப்பமானி அலமாரிக்குள் போயிற்று. பதிவேட்டில் ஈராண்டுகள் 'நூறு' மட்டுமே வாழ்ந்தது.

பால் பொறுப்பு கைக்கு வந்ததும், லூர்துசெல்வி வெப்பமானியை வெளியே எடுத்தார், கண்டதை எழுதினார்.

"ஏம்மா, நூறுன்னு எழுதக் கை வலிக்குதா?" என்றார் அண்ணாதுரை.

"கை வலிக்கலீங்க சார். கண்ணு தெரியுதுங்க."

"ஆய்வுக்கு வர்ற அதிகாரி இதப் பாத்தா, பாலே காயலைன்னு அடுப்படிய மூடிருவாரு. அன்னிக்கே உன்னய ஊட்டுக்கு அனுப்பிருவேன் பாத்துக்க."

லூர்துசெல்வியுடையது தற்காலிகப் பணி. போனால், மறுபடியும் எஸ்டேட்டில் காப்பி பறிக்க வேண்டியதுதான். ஆயினும் மறுநாளும் தொண்ணூற்றைந்தே எழுதினார்.

ஒரு மாதத்தில் அதிகாரி வந்தார். ஈராண்டு நூறுகளையும் புரட்டிவிட்டு, "காய்ச்சிக் காட்டுங்க" என்றார். பால் பொங்கியது. வெப்பமானி தொண்ணூற்றைந்தில் நின்றது.

"பஸ் உலுக்கலுங்க ஐயா."

அதிகாரி தம் பையிலிருந்த வெப்பமானியை வைத்துப் பார்த்தார். அதுவும் தொண்ணூற்றைந்து. அண்ணாதுரை அவரை இரக்கத்துடன் நோக்கினார்.

"ஏனுங்க, ஐயாவும் பஸ்லதான் வந்தீங்களாட்ட இருக்குது?"

லூர்துசெல்வி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி சிரிக்கவில்லை. ஈராண்டுப் பக்கங்களையும் பொய்யென எழுதினார். கடைசி ஒரு மாதத்தை நம்பியே அடுப்படியை மூடாமல் விட்டார், வரம்பைத் தொண்ணூறாக்கினார், பதிவேட்டை லூர்துசெல்வி மட்டுமே எழுத வேண்டுமென உத்தரவிட்டார். லூர்துசெல்வியின் வேலை தப்பியது.

மறுநாள் காலை அவர் பதிவேட்டைத் திறந்தார். சனிக்கிழமை வரையிலான கட்டங்களில் 'தொண்ணூற்றைந்து' முன்கூட்டியே நிரம்பியிருந்தது.

"உனக்கு வேலை மிச்சம் கண்ணு" என்று பின்னாலிருந்து பெருமிதத்தோடு சொன்னார் அண்ணாதுரை.

லூர்துசெல்வி அளவுகோலை வைத்து, அத்தனை கட்டங்களையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, வெப்பமானியைப் பாலில் இறக்கினார்.